வரிச் சலுகையா, காப்புறுதிக் குறைப்பா, பயணக் கொடுப்பனவா: மாற்றுத்திறனாளிகளுக்காக முதலில் எதைக் கேட்பது?

யாழ்ப்பாணத்தில் மாற்றுத்திறனாளிகளின் பயணச் செலவு பற்றிய பேச்சு எழும் இடமெல்லாம், அது பிரதேச செயலகக் கூட்டமாயினும் வரவுசெலவுத் திட்ட விவாதமாயினும், மூன்று தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன. வருமான வரியிலும் வாகன இறக்குமதித் தீர்வையிலும் சலுகை கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. வாகனக் காப்புறுதிக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது இன்னொன்று. பயணத்துக்கென்றே மாதாந்தக் கொடுப்பனவு வழங்கி, பேருந்துகளையும் ஏறக்கூடியவையாக மாற்ற வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மனுவில் எழுதிக் கையளிப்பதில் கொடுப்பவருக்கும் சிரமமில்லை, வாங்குபவருக்கும் சிரமமில்லை. ஆனால் சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் செய்துகொண்ட ஏறத்தாழ 300 கோடி டொலர் ஏற்பாட்டின்படி, 2025 முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீத முதன்மை மிகையை, அதாவது வட்டிச் செலவு நீங்கலாகச் செலவை விஞ்சும் வரவை, காட்ட வேண்டிய நிலையில் திறைசேரி இருக்கிறது. இத்தகைய காலத்தில் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கப்போவதில்லை என்பதால், எதை முதலில் வற்புறுத்துவது என்று இங்குள்ள சங்கங்களும், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்களும் முடிவெடுத்தே ஆகவேண்டும்.

இம்மூன்றையும் எடைபோட ஓர் ஆளை மனத்தில் இருத்திக்கொள்வது உதவும். அரச சேவையில் 3 சதவீத வேலைவாய்ப்பை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொல்கிறது. அந்த வழியில் எழுதுவினைஞராக வேலை பெற்ற, கால் இழந்த ஒருவர் நெல்லியடியில் வசித்துக்கொண்டு யாழ் நகரில் உள்ள அலுவலகம் ஒன்றுக்கு வந்து போகிறார் என்று கொள்வோம். அவருடைய மாதச் சம்பளம் 70,000 ரூபாய் என்றும், பேருந்தில் ஏற முடியாததால் வழக்கமான ஓட்டோக்காரர் ஒருவரோடு பேசி, போகவர நாளுக்கு 1,000 ரூபாய் கொடுக்கிறார் என்றும் வைத்துக்கொண்டால் (தொலைவைப் பார்த்தால் இது மிகக் குறைத்துப் போட்ட கணக்கு), 22 வேலை நாள்களுக்கு 22,000 ரூபாய் ஆகிறது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை, அலுவலக வாசலை அடைவதற்கே போய்விடுகிறது. குறைந்த வருமானம் பெறும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2024இல் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்படி 10,000 ஆகவும் உயர்ந்தது. எனினும் சம்பளம் வாங்குபவர் என்பதால் அது அவருக்கு உரியதன்று. மூன்று தீர்வுகளில் எது இந்த மனிதரைச் சென்றடைகிறது என்பதே என்னுடைய அளவுகோல்.

முதலில் வருமான வரி. இலங்கையில் தனிநபர் வரி விலக்கு எல்லை கடந்த சில ஆண்டுகளில் ஏறியிறங்கிய வேகம் எவருக்கும் தலைசுற்ற வைக்கும். 2020 ஜனவரியில் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் வரை விலக்களிக்கப்பட்டது. பொருளாதாரம் சரிந்த பின்னர், 2023 ஜனவரி முதல் அது 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டு, வரி வீதமும் 36 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் வீதிக்கு இறங்கிய பின், 2025 ஏப்ரல் முதல் விலக்கு எல்லை 18 இலட்சமாக, அதாவது மாதம் 150,000 ரூபாயாக, உயர்ந்தது. அதற்கு மேற்பட்ட வருமானத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதமும், அதற்கடுத்து ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 சதவீதமும், எஞ்சியதற்கு 36 சதவீதமும் அறவிடப்படுகின்றன.

இந்தப் படிகளை வைத்துக் கணக்குப் பார்த்தால் விடயம் வெளிச்சமாகிவிடும். மாதம் 200,000 ரூபாய் சம்பளம் பெறுபவர் முன்னர் 10,500 ரூபாய் வரி கட்டினார். இப்போது 3,000 ரூபாய் கட்டுகிறார். அவர் மாற்றுத்திறனாளி என்பதற்காக வரியை முழுமையாகத் தள்ளுபடி செய்தாலும் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் அவர் கையில் மிஞ்சாது. 300,000 ரூபாய் பெறுபவர் கட்டும் வரி 18,500 ரூபாய் என்பதால், அதே தள்ளுபடி அவருக்கு ஆறு மடங்குக்கு மேற்பட்ட நன்மையைக் கொடுக்கும். நெல்லியடி எழுதுவினைஞருக்குக் கிடைப்பதோ பூச்சியம், ஏனென்றால் அவர் கட்டாத வரியில் கழித்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. தேவை கூடக்கூடக் குறைந்தும், வருமானம் கூடக்கூடப் பெருகியும் செல்லும் உதவியை மாற்றுத்திறனாளிகளின் பயண உதவி என்று அழைப்பது பொருந்துமா என்பதே என் ஐயம். இவ்வகைக் கழிவுகளுக்கு ஆயுளும் குறைவு. மருத்துவச் செலவு, மருத்துவக் காப்புறுதி முதலியவற்றுக்கு 2020இல் கொடுக்கப்பட்ட செலவுக் கழிவு 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு மறைந்துபோனது.

வருமான வரியோடு சேர்த்துப் பேசப்படும் வாகனத் தீர்வைச் சலுகைக்கு அதிக இடம் கொடுக்க வேண்டியதில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது, சுங்கத் தீர்வை, அதன்மேல் மிகைவரி, இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்த உற்பத்தி வரி, எல்லாவற்றின்மேலும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று அடுக்கடுக்காக வந்ததால், சலுகை கொடுத்த பின்னரும் ஒரு கார் எட்டாத விலையிலேயே நிற்கிறது. தீர்வையற்ற அனுமதிப்பத்திரங்கள் கைமாறி விற்கப்பட்ட கதையை நாடே அறியும். மாற்றுத்திறனாளியின் பெயரில் இன்னொருவர் வாகனம் எடுக்கும் வாய்ப்பை எந்தச் சுற்றறிக்கையாலும் முற்றாக அடைத்துவிட முடியாது.

காப்புறுதி வேறு வகையான சிக்கல். மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. அதன் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. ஆனால் அந்தக் காப்புறுதி, நாம் மோதி மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. ஓட்டுபவரின் சொந்தக் காயத்துக்கும் அவருடைய வாகனத்தின் சேதத்துக்கும் முழுக் காப்புறுதி வேண்டும். வாகனக் காப்புறுதி அடங்கும் பொதுக் காப்புறுதியின் கட்டணத்தின்மேலும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி ஏறுகிறது; ஆயுள் காப்புறுதிக்கு அந்த வரி இல்லை. ஆண்டுக்கு 40,000 ரூபாய்க் காப்புறுதிக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டால், அவ்வரியை நீக்குவதால் மிச்சமாவது 7,200 ரூபாய், மாதத்துக்கு 600 ரூபாய். இதற்காகச் சட்டத்திருத்தம் ஒன்றைக் கேட்டு ஓராண்டு அலைவது பயனுள்ள வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

காப்புறுதியில் உண்மையாகவே கடிக்கும் இடம் கட்டணம் அன்று, இழப்பீட்டுக் கோரிக்கை ஏற்கப்படுமா என்பது. குடாநாட்டு வீதிகளில் பின்சில்லின் இருபுறமும் துணைச் சில்லுகள் பொருத்திய ஸ்கூட்டர்களைக் காணலாம். பலவற்றில் அந்தச் சில்லுகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் உள்ளூர் வெல்டிங் கடையில் அளவெடுத்து ஒட்டப்பட்டது. காலால் மிதிக்க வேண்டிய பிரேக் கைப்பிடிக்கு மாற்றப்பட்டிருக்கும். ஊன்றுகோலை நிறுத்திவைக்க இருக்கையின் பக்கத்தில் ஒரு வளையமும் இருக்கும். அந்த மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி பெறப்படாமல், பதிவுப் புத்தகத்தில் வாகனம் வெறும் மோட்டார் சைக்கிளாகவே இருக்குமானால், விபத்துக்குப் பின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்போது வாகனம் ஒன்றாகவும் ஆவணம் இன்னொன்றாகவும் இருக்கும். முக்கியமான விடயத்தை மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது என்பது காப்புறுதியின் அடிப்படை விதி ஆகையால், ஆண்டுக்கணக்காகக் கட்டணம் செலுத்தியவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம். ஆகவே காப்புறுதியில் ஏதாவது கேட்பதானால், விலைக்குறைப்பை விட, மாற்றியமைக்கப்பட்ட வாகனங்களை மாவட்ட மட்டத்திலேயே பரிசோதித்துப் பதிவுசெய்து, அவற்றை ஒரே கூட்டுக் காப்புறுதியின்கீழ் கொண்டுவரும்படி கேட்பதே மேல். அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதியை நடத்தும் தேசியக் காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்கு இத்தகைய கூட்டுத் திட்டம் புதிதன்று.

வரி, காப்புறுதி, பயண உதவி ஆகிய மூன்றையும் ஒரே அவையில் ஆண்டுக்கணக்காக விவாதித்துவரும் நாடு அயர்லாந்து. அங்கு நடந்தது நமக்கு எச்சரிக்கையாகப் பயன்படும். நடக்க இயலாதோருக்கு மாதம் 208.50 யூரோ வரை பயணக் கொடுப்பனவும், வாகனம் வாங்க 5,020 யூரோ வரை உதவித்தொகையும் அங்கு இருந்தன. முதன்முறை விண்ணப்பிப்பவர் 66 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும், நடக்க இயலாமையை மட்டுமே தகுதியாகக் கொண்ட குறுகிய வரையறையும் சமத்துவச் சட்டத்துக்கு முரணானவை என்று அந்நாட்டின் குறைகேள் அதிகாரி எமிலி ஓரெய்லி 2011இலும் 2012இலும் அறிக்கையிட்டார். நிபந்தனையைத் திருத்தினால் செலவு பன்மடங்காகும் என்று அஞ்சிய அரசாங்கம், 2013 பெப்ரவரியில் இரண்டு திட்டங்களையும் புதியவர்களுக்கு மூடியது. ஏற்கெனவே பெற்றுவந்த ஏறத்தாழ 4,700 பேர் மட்டும் தொடர்ந்து பெற்றனர். பதிலாக வரும் என்று சொல்லப்பட்ட சட்டமூலம் ஆண்டுக்காண்டு பட்டியலில் இடம்பெற்றதே ஒழியச் சட்டமாகவில்லை. வாகன வரிச் சலுகையும் தப்பவில்லை. அதற்கான ஆறு மருத்துவ நிபந்தனைகள் மூலச் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்று 2020 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அங்கு வீழ்ந்தது கொடுப்பனவு என்ற எண்ணம் அன்று, யாருக்குக் கொடுப்பது என்று எழுதிய விதம். நம்மிடமும் அதே ஆபத்து உண்டு. போரில் காலை இழந்தவர், முள்ளந்தண்டில் காயப்பட்டவர், பார்வையற்றவர், இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் பலமுறை யாழ் போதனா வைத்தியசாலைக்கு வரவேண்டியவர் ஆகிய எல்லோருக்கும் பயணத் தடை உண்டு. ஆனால் எந்த உறுப்பு குறைந்தது என்று கேட்கும் படிவம் இவர்களில் பாதிப்பேரை வெளியே நிறுத்திவிடும். உதவியின்றிப் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்த முடியுமா என்பது ஒன்றே கேள்வியாக இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. அதன் 20ஆம் உறுப்புரை தனிநபர் நடமாட்டத்தைக் கட்டுப்படியாகும் செலவில் இயலச்செய்யும்படி கேட்கிறதே தவிர, ஊனத்தின் வகையைக் கேட்கவில்லை.

லண்டனில் உறவினர் உள்ளவர்கள் மோட்டபிலிட்டி வாகனங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1977இல் தொடங்கிய அத்திட்டத்தில், மாற்றுத்திறனாளி தமக்குரிய நடமாட்டக் கொடுப்பனவை விட்டுக்கொடுத்துக் குத்தகைக்கு ஒரு வாகனத்தைப் பெறுகிறார். காப்புறுதி, பராமரிப்பு, வழியில் பழுதானால் வரும் உதவி எல்லாம் அந்தக் குத்தகைக்குள் அடங்கிவிடுகின்றன. நமது வசதிக்கு அந்த அளவு எட்டாது. ஆயினும் காப்புறுதியைத் தனிச் சலுகையாகத் துரத்தாமல் பயண உதவிக்குள்ளேயே சேர்த்துவிடும் அந்த ஒழுங்கு, மேலே சொன்ன கூட்டுக் காப்புறுதிக்குப் பொருத்தமான முன்மாதிரி.

இனிக் கொடுப்பனவும் பேருந்தும். இரண்டையும் ஒரே தீர்வாகச் சொல்வது வழக்கமானாலும், அவை வெவ்வேறு வேகத்தில் நடக்கும் காரியங்கள். பணமாகக் கொடுப்பதன் பலம், வருமான வரி கட்டுபவரா, வாகனம் வைத்திருப்பவரா என்று பாராமல் அது போய்ச் சேருவது. நெல்லியடி எழுதுவினைஞர் அடுத்த மாதமே ஓட்டோக் கூலியின் ஒரு பகுதியை அதிலிருந்து கொடுக்கலாம். அதன் பலவீனம், விலைவாசி அதைத் தின்றுவிடுவது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோதும் மாற்றுத்திறனாளிகளின் கொடுப்பனவு 5,000 ரூபாயாகவே நின்றது. எரிபொருள் விலையோ விலைச்சுட்டெண்ணோ உயரும்போது தொகையும் தானாக உயரும் என்று திட்டத்திலேயே எழுதிக்கொள்ளாவிட்டால், சில ஆண்டுகளில் அது வெறும் பெயருக்கு மிஞ்சும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரச உதவித் திட்டமாகிய அஸ்வெசும போன்ற குடும்ப வருமானப் பட்டியலோடு இதைக் கட்டினால், நாம் மனத்தில் வைத்த மனிதர் மறுபடியும் வெளியேதான் நிற்பார். ஆகவே வருமானச் சோதனை இருந்தே தீரவேண்டும் என்றால், அதன் எல்லையை வருமான வரி விலக்கு எல்லையான மாதம் 150,000 ரூபாயில் வைக்கலாம். வரி கட்டாத அனைவரும் அதற்குள் வந்துவிடுவர்.

பணம் இருந்தும் போக முடியாத இடங்களும் உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வரும் படகில் சக்கர நாற்காலியோடு ஏறுவதென்றால், அலையில் ஏறியிறங்கும் படகின் விளிம்புக்கும் இறங்குதுறைக்கும் இடையில் இரண்டு பேர் ஆளைத் தூக்க, மூன்றாமவர் நாற்காலியைத் தூக்க வேண்டும். அந்த இடத்தில் மாதாந்தக் கொடுப்பனவு எந்த வேலையும் செய்யாது. யாழ்ப்பாணம் மத்திய பேருந்து நிலையத்தில் 750ஆம் இலக்கப் பருத்தித்துறைப் பேருந்தில் ஏறும் ஊன்றுகோல்காரரைக் கவனித்தாலும் இது விளங்கும்: கோல் இரண்டையும் முதலில் நடத்துனரிடம் நீட்டி, இரு கைகளாலும் வாசற்கம்பியைப் பற்றி, முழங்காலளவு உயரத்தில் இருக்கும் முதற்படிக்கு உடலை இழுத்து ஏற்றவேண்டும், அதற்குள் இயந்திரம் உறுமத் தொடங்கியிருக்கும். உள்ளே மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய இருக்கை இருக்கிறது என்பது உண்மைதான். அதுவரை போய்ச் சேர்வதற்குத்தான் ஏற்பாடு இல்லை.

தாழ்தளப் பேருந்துகளை நாடு முழுவதும் வாங்குவதைப் பற்றி நான் இங்கு பேசப்போவதில்லை. மாரியில் வெள்ளம் நிற்கும் நமது ஊர் ஒழுங்கைகளில் அவை எவ்வளவு தூரம் ஓடும் என்பதே வேறு கேள்வி. அதைவிடச் சிறியதும் விரைவில் செய்யக்கூடியதுமான வழி ஒன்று உண்டு. மாணவர்களுக்கான சிசு சரிய, இலாபமில்லாத கிராமப் பாதைகளுக்கான கெமி சரிய ஆகிய சேவைகளில், நட்டத்தை அரசு ஈடுசெய்ய, பேருந்து உரிமையாளர் குறித்த நேரத்தில் குறித்த பாதையில் ஓடுகிறார். இதே முறையில், போதனா வைத்தியசாலையின் கிளினிக் நாள்களிலும் தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை நடைபெறும் நாள்களிலும், சாய்தளப் பலகையும் ஓர் உதவியாளரும் உள்ள சிறு பேருந்தை ஓடவிடலாம். தனியார் பேருந்துகளின் பாதை அனுமதியை வழங்குவது வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை என்பதால், முதற்படிக்குக் கீழே இழுத்து விரிக்கும் துணைப்படியைப் புதிய அனுமதிகளுக்கு நிபந்தனையாக்குவதற்குக் கொழும்பு வரை போகவேண்டியதில்லை.

எங்கே போய்க் கேட்பது என்பதும் தெரிவின் ஒரு பகுதிதான். அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரையின்படி, பொது நிதியிலிருந்து செலவு செய்யவோ, வரியை விதிக்கவோ குறைக்கவோ கோரும் சட்டமூலத்தை அமைச்சரவையின் ஒப்புதலோடு அமைச்சர் ஒருவரே கொண்டுவரலாம். ஆகவே எதிர்க்கட்சி ஆசனத்தில் இருக்கும் உறுப்பினர் வரிச் சலுகைக்காக எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், அது ஹன்சாட்டில் பதியும் பேச்சாகவே நின்றுவிடும். கொடுப்பனவுக்கும் அமைச்சரவையின் சம்மதம் வேண்டும் என்றாலும், அங்கே புதிய சட்டம் தேவையில்லை. 7,500 ரூபாய் 10,000 ஆனது போல, ஏற்கெனவே உள்ள செலவுத் தலைப்பில் தொகையையும் தகுதியையும் மாற்றினால் போதும். தவிர, அடுத்த ஆண்டின் அரச செலவுகளை வகுக்கும் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் செப்டெம்பர், ஒக்டோபர் அளவில் அவைக்கு வந்துவிடுவதால், நவம்பர் குழுநிலை விவாதத்தில் எழுப்பும் கோரிக்கைக்கு அவ்வாண்டு இடம் கிடைப்பது அரிது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, பொதுப் போக்குவரத்தைத் தனியே பயன்படுத்த முடியாத எவருக்கும் உரிய, விலைவாசியோடு உயரும் பயணக் கொடுப்பனவை முதற் கோரிக்கையாக வைப்பதே சரி என்பது என் முடிவு. வருமான வரிக் கழிவையும் தீர்வையற்ற வாகனத்தையும் இந்த ஆண்டின் மனுவிலிருந்து எடுத்துவிடலாம். கொடுப்பனவுக்கான மனு, கிராமிய அபிவிருத்தி, சமூகப் பாதுகாப்பு மற்றும் சமூக வலுவூட்டல் அமைச்சுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்துக்கும், அமைச்சுகள் தமது மதிப்பீடுகளைத் திறைசேரிக்கு அனுப்புவதற்கு முன், ஆண்டின் நடுப்பகுதியிலேயே போய்ச் சேரவேண்டும். மாவட்டத்தில் ஆளும் தரப்பு உறுப்பினர் மூவர் இருப்பதால், அதை அமைச்சருக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பை அவர்களிடம் எழுத்தில் ஒப்படைப்பதும், மற்ற மூவரிடம் குழுநிலை விவாதத்தில் அதே கோரிக்கையை அதே சொற்களில் கேட்கச் சொல்வதும் நல்லது. துணைப்படிக்கான கடிதமும் கூட்டுக் காப்புறுதிக்கான கடிதமும் தனித்தனியாக, முன்னது மாகாண அதிகாரசபைக்கும் பின்னது காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்கும், அதே வாரத்தில் போகலாம்.